பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்

(கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக, அன்று கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கான பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.)



"கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க சார், ஆனா எங்க அம்மாவுக்கும் புரியணும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஆறேழு வருஷம் ஆன லேப்டாப்போ டெஸ்க்டாப்போ இருக்கிறது. ஆன் செய்துவிட்டுப் போய், காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது என்றால், தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்துப் புதிதாக வாங்கவும் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அதற்குள் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் போதும். அந்தப் பாகத்தின் பெயர் எஸ்எஸ்டி. செலவு சில ஆயிரம் ரூபாய்.

பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமது அசோசியேஷன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு சமீபத்தில் இந்த வேலையைச் செய்தோம். அப்போது தெரிய வந்த ஒரு விஷயம் கமிட்டியில் இருந்த எல்லோரையும் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஏன் மெதுவாகிறது? "வயசாயிடுச்சு சார், அப்படித்தான்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மனிதர்களைப் போல கம்ப்யூட்டரின் மூளைக்கு அப்படி வயதாவதில்லை. 2015-இல் வாங்கிய ஐ5 சிப், அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடும். தடங்கல் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதற்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சின்னக் கை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. லேப்டாப்களில் வழக்கமாக இருக்கும் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும். கேட்க வேகமாகத் தெரியும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 90 சுற்று. தேவையான இடம் கையின் கீழ் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை வினாடிக்குச் சில பத்துத் தடவைதான் எடுக்க முடியும்.

நம் பி பிளாக் லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேன் வரும் காலை நேரத்தில் எல்லாத் தளத்திலும் பட்டனை அழுத்துகிறோம். லிஃப்ட் வேகமானதுதான். ஆனால் ஆறுக்குப் போய், இரண்டுக்கு வந்து, மறுபடி ஐந்துக்குப் போய் ஒவ்வொருவராக இறக்கினால் எப்போது வேலை முடியும்? விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. அதன்மேல் வைரஸ் ஸ்கேன், அப்டேட், பிரவுசர் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துகின்றன. மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, லிஃப்டுக்காக.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் கிடையாது, நகரும் கையும் கிடையாது. பென் டிரைவில், போனில் இருப்பது போன்ற சிப்கள்தான். எந்த மூலையில் இருப்பதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துக் கொடுத்துவிடும். விளம்பரத்தில் "வினாடிக்கு 550 எம்பி" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதுகூட அவ்வளவு முக்கியமில்லை. அந்த எண் ஒரு பெரிய சினிமா ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும்போது வருவது. உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரிவது சின்ன ஃபைல்களில்தான். அதனால்தான், சாட்டா இணைப்பு பாதி வேகத்தில் இருக்கும் 2010 காலத்து மெஷினில் போட்டால்கூட ஆள் மாறிப்போன மாதிரி இருக்கிறது.

உங்கள் மெஷினுக்கு இது உதவுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக சதவீதம் காட்டும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நின்று, சிபியு இருபது முப்பதில் இருந்தால் எஸ்எஸ்டிதான் மருந்து. மெமரியும் தொண்ணூறைத் தாண்டி நின்றால் ராமும் கூட்ட வேண்டும். 4 ஜிபி ராமை வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரில் பத்து டேப் திறக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ராம் மாதிரி பயன்படுத்திக்கொள்ளும். எஸ்எஸ்டி போட்டால் அந்த வலியும் குறையும், ஆனால் முழுக்கத் தீராது. அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் உங்களிடம் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க்கா என்றும் எழுதியிருக்கும். எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக இருந்தால் நோய் வேறு. வைத்தியமும் வேறு.

சில குறைந்த விலை லேப்டாப்களில் சேமிப்பு சிப்பை போர்டிலேயே ஒட்டவைத்து விற்றார்கள். 32 ஜிபி, 64 ஜிபி என்று இருக்கும். அதைக் கழற்றி மாற்ற வழியில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அசோசியேஷன் ஆபீஸ் கதை. எட்டு வருஷம் ஆன டெஸ்க்டாப். டேலி திறக்க ஐந்து நிமிஷம். மெயின்டனன்ஸ் ரசீது போட வந்தவர்கள் நின்று நின்று, "நாளைக்கு வரேன்" என்று போய்விடுவார்கள். புதிது வாங்க நாற்பத்திரண்டாயிரத்துக்குக் கொட்டேஷன் வந்திருந்தது. பொருளாளர் மேடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்க்கச் சொன்னார். நான் முதலில் செய்தது கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டதுதான். அது டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீல நிறம் என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மஞ்சள் வந்தது. படிக்க முடியாமல் வரிசையில் நிற்கும் பகுதிகள் என்று ஒரு எண் காட்டும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வருஷ மெயின்டனன்ஸ் கணக்கு. கார்ப்பஸ் ஃபண்டில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரம். பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கடிதங்களின் ஸ்கேன். லிஃப்ட் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். இதற்கெல்லாம் இன்னொரு காப்பி எங்கே என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "பழைய கமிட்டியில ஒரு பென் டிரைவ்ல போட்டு வச்சாங்க" என்றார். அந்தப் பென் டிரைவ் இன்று வரை கிடைக்கவில்லை.

அன்று எஸ்எஸ்டி பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டு, முதலில் டேட்டாவை எடுத்தோம். வெளியே வைக்கும் ஒரு டிஸ்க்கில் டேலி ஃபோல்டரை முதலில், பிறகு ஸ்கேன்கள், பிறகு மற்றவை என்று முக்கியத்துவ வரிசையில். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை முழுக்க ஒரே மூச்சில் காப்பி எடுக்கப் போனால், வேண்டாத குப்பையைப் படிக்கும்போதே அது உயிரை விட்டுவிடலாம். டேலி கணக்கு முழுதாக வந்துவிட்டது. பார்க்கிங் கடிதங்களில் மூன்று ஸ்கேன்கள் திறக்கவே இல்லை. நல்லவேளை, அவற்றின் ஒரிஜினல் பீரோவில் இருந்தது. புதிது வாங்கிப் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொருளாளர் மேடம் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால் உங்களுக்கும் அதே வரிசைதான். முதலில் காப்பி. அது முடிந்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

சரி, எதை வாங்குவது? அளவைப் பற்றி என் கருத்து: 120 ஜிபி இன்று வேண்டாம். விண்டோஸும் அதன் அப்டேட்களும் உட்கார்ந்த பிறகு உங்களுக்கு நிற்க இடம் இருக்காது. பேங்க், இமெயில், யூடியூப், குழந்தையின் ஆன்லைன் வகுப்பு என்றால் 240 அல்லது 256 ஜிபி போதும். போட்டோ நிறைய வைத்திருப்பவர்கள் 480 அல்லது 500 வாங்குங்கள். "என்னிடம் ஒரு டிபி டிஸ்க் இருக்கிறதே, எஸ்எஸ்டியும் ஒரு டிபி வேண்டாமா?" என்று கேட்பார்கள். அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் நூற்றைம்பது ஜிபியைத் தாண்டியிருக்காது. 240 ஜிபி என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 223 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. யாரும் நடுவில் எடுத்துக்கொள்ளவில்லை.

கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500, டபிள்யூடி கிரீன் போன்றவை சிக்கன ரகம். எங்கே சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. எந்தத் தகவல் எந்த சிப்பில் இருக்கிறது என்ற ஒரு முகவரிப் புத்தகத்தை எஸ்எஸ்டி எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். விலை கூடியவற்றில் அதற்கென்று தனி மெமரி சிப் உண்டு. சிக்கன ரகத்தில் அது இருக்காது. இன்னொன்று, எழுதும்போது முதல் சில ஜிபி சர்ரென்று போகும். அந்த வேகமான பகுதி நிரம்பிய பிறகு வேகம் சரியும், சிலவற்றில் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போய்விடும். கல்யாண வீடியோ அறுபது ஜிபியை ஒரே தடவையில் ஏற்றினால் இதைப் பார்க்கலாம். வேர்ட், எக்ஸெல், பிரவுசர் என்று இருக்கும் வீட்டில் வருஷம் முழுக்கப் பார்க்க மாட்டீர்கள். பழைய லேப்டாப்புக்கு இந்த ரகமே தாராளம் என்பது என் அபிப்பிராயம். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து, ஐந்து வருஷ வாரன்டி உள்ள சாம்சங் 870 ஈவோ போட்டோம். சிக்கன ரகத்துக்கு வழக்கமாக மூன்று வருஷம்தான்.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே?" என்று சி பிளாக் மாமா ஒருவர் கேட்டார். தேயும். எவ்வளவு எழுதலாம் என்று கம்பெனியே வரம்பு சொல்கிறது. பிஎக்ஸ்500 240 ஜிபிக்கு அது 80 டிபி. நீங்கள் தினமும் 20 ஜிபி எழுதினாலும் (சாதாரண வீட்டில் அவ்வளவு வராது) 4,000 நாள், அதாவது ஏறக்குறைய பதினோரு வருஷம். அதற்குள் கீபோர்டோ கீலோ போய்விடும்.

வடிவத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2.5 அங்குல ரகம் என்பது சீட்டுக்கட்டு மாதிரி தட்டையான பெட்டி. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். அது 7 மில்லிமீட்டர் தடிமன். உங்கள் பழையது 9.5 ஆக இருந்தால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று எம்.2, சூயிங்கம் பட்டை போல. 2017-க்குப் பிறகு வந்த சில லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும், பக்கத்தில் எம்.2 இடம் காலியாகவும் இருக்கும். அது இருந்தால் அதிர்ஷ்டம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலேயே எஸ்எஸ்டி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். பட்டையின் முனையில் உள்ள வெட்டு ஒன்றா இரண்டா என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேப்டாப் மாடலின் விவரத்தைப் பாருங்கள்.

வாங்கும் இடம் ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ உங்கள் இஷ்டம். ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், இரண்டும் வேண்டும். இல்லையென்றால் வாரன்டி பேச்சுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அந்தக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதியது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் காட்டினால் யாரோ பயன்படுத்தியது.

பெயர் தெரியாத பிராண்டில் "4 டிபி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்" என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 4 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நீங்கள் காப்பி செய்வீர்கள், ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். நிஜ இடம் தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போயிருக்கும், அல்லது பழையதன் மேலேயே எழுதியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் பேரன் காதுகுத்துப் படத்தைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. இதில் போவது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டுமல்ல. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

மாற்றும் வேலைக்கு இரண்டு வழி. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு அச்சு எடுப்பது ஒன்று. இதைக் குளோன் என்கிறார்கள். யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வேண்டும். சாம்சங், குரூஷியல், டபிள்யூடி போன்ற கம்பெனிகள் தங்கள் எஸ்எஸ்டியோடு இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று கேட்கும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை படியுங்கள். காலியான எஸ்எஸ்டியை நிரம்பிய டிஸ்க் மேல் அச்செடுத்தால் எல்லாம் போச்சு. இரண்டாவது வழி, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுவது. எனக்கு இதுதான் பிடிக்கும். பல வருஷக் குப்பை கூடவே வராது. விண்டோஸ் 10, 11 லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்தது, அதனால் டிஸ்க் மாற்றினாலும் அதே பதிப்பைப் போட்டால் இன்டர்நெட் வந்ததும் தானாகவே ஏற்றுக்கொள்ளும். 8 ஜிபி பென் டிரைவும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும்.

எந்த வழியானாலும் கைவைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தேடி எடுத்து ஒரு பேப்பரில் எழுதுங்கள். லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆபீஸ் எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன. பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீ எங்கே. டேலி வைத்திருப்பவர்கள் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்து, புதிதில் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். பல வீடுகளில் மெயில் ஐடியை உருவாக்கியது அமெரிக்காவில் இருக்கும் மகனாக இருக்கும். நம் பகல் அங்கே நள்ளிரவு. முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் வேலை அரை மணி நேரம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி (உள்ளே இருந்தால் அதன் ஒயரை எடுத்து), சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் பின்மூடியைத் திறக்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளமாக இருக்காது; ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் வழியாக எட்டிப் பார்க்கும். கத்தி வைத்து நெம்ப வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். பயமாக இருந்தால் கடையில் கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். உங்கள் பேங்க் பாஸ்வேர்டும் குடும்பப் படங்களும் உள்ள டிஸ்க்கை முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நாள் விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போட்ட பிறகு பெரிதாகப் பராமரிப்பு இல்லை. டீஃப்ராக் மென்பொருள் எதையும் தனியாகப் போடாதீர்கள்; எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லாத தேய்மானம். விண்டோஸே வேண்டிய துப்புரவைச் செய்துகொள்ளும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் போடுங்கள். நம் காம்ப்ளெக்ஸில் கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் இடைவெளி எல்லோருக்கும் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரன்ட் போவது எஸ்எஸ்டிக்கு ஆகாது.

எஸ்எஸ்டி தீர்க்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். உங்கள் மெஷின் அந்தத் தகுதிக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி போட்டு 11-க்குப் போங்கள். வராவிட்டால், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள், வேகமாக ஓடுகிறதே என்பதற்காக. அந்த மாதிரி மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல வழி. இலவசம், தமிழும் எழுதலாம், பிரவுசர் அதே பிரவுசர்தான்.

நம் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகள் பி.காம் படிக்கிறாள். அவளிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது. நம் வீடுகளில் வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் பலரிடம் அப்படி ஒன்று மூலையில் கிடக்கிறது. அவள் அசைன்மென்ட் டைப் செய்ய பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட், அதோடு வரும் லிப்ரே ஆபீஸ். அவ்வளவுதான் போட்டோம். மூன்றாம் தளத்தில் இரண்டு குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது செமஸ்டர் ப்ராஜெக்டை வீட்டிலேயே செய்கிறாள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், எங்கே எது முடங்கிக் கிடக்கிறதென்று.

இனி, கூட்டத்தில் வந்த கேள்விகள்.

"எஸ்எஸ்டி கெட்டுப்போனால் டேட்டாவை மீட்கலாமா?" ஹார்ட் டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும், மெதுவாகும், ஏதோ ஒரு அறிகுறி வரும். எஸ்எஸ்டி பல சமயம் நேற்று வரை நன்றாக ஓடி இன்று காலை இல்லாமல் போகும். மீட்பதும் கடினம், செலவும் அதிகம். அதனால் பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் கிடைக்கும். அதில் போட்டு மாதம் ஒரு தடவை காப்பி எடுக்கும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆபீஸில் ஒவ்வொரு மாதமும் பில் போட்டு முடித்ததும் பொருளாளர் மேடம் இப்போது அதைத்தான் செய்கிறார். ஆபீஸ் டிஸ்க் கெட்டுவிட்டதால் அதற்குப் புதிதாக ஒன்று வாங்கினோம்.

"ஆறு மாசம் பொண்ணு வீட்டுக்கு நியூஜெர்ஸி போறோம். கரன்ட் இல்லாம எஸ்எஸ்டி சும்மா கிடந்தா அழிஞ்சிடுமா?" ஆறு மாதத்தில் ஒன்றும் ஆகாது மாமி. எழுதி எழுதித் தன் வரம்பை எட்டிவிட்ட எஸ்எஸ்டிகூட, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் தரநிர்ணயம். புதியது அதைவிட அதிகம் தாங்கும். ஆனால் கல்யாணப் படங்களின் ஒரே காப்பியை எஸ்எஸ்டியில் போட்டுப் பீரோவில் வைத்துப் பல வருஷம் மறந்துவிடாதீர்கள். அதற்கு ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது.

"கெட்டுப்போன டிஸ்க்கை என்ன செய்வது?" டெலீட் செய்ததெல்லாம் அழிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். டிஸ்க் வேலை செய்தால் விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது குவிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் முழுக்கப் பூஜ்யம் எழுதும். சில மணி நேரம் ஆகும். வேலை செய்யாத டிஸ்க்கைத் திறந்து தட்டில் ஆணியால் நன்றாகக் கீறிவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு சில சமயம் கண்ணாடியாக இருக்கும், உடைந்து தெறிக்கும், அதனால் கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பிறகு குப்பைத் தொட்டியில் வேண்டாம். செயலாளர் ரூம் வாசலில் மின்கழிவுக்கென்று ஒரு நீலப் பெட்டி வைத்திருக்கிறோம். நிரம்பியதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கமிட்டி அனுப்பும்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளும் மாலை நாலு மணி முதல் கிளப் ஹவுஸில் இருப்பேன். கேபிளும் ஸ்க்ரூடிரைவரும் என்னிடம் இருக்கின்றன. லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வாருங்கள், அந்தப் பாஸ்வேர்டு எழுதிய பேப்பரையும். எஸ்எஸ்டியை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். முதலில் மெஷினைத் திறந்து பார்ப்போம், எந்த ரகம் பொருந்தும் என்று சொல்கிறேன், பிறகு வாங்குங்கள்.